வினையூக்கி வாங்கும் முன் உங்கள் கரியைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மரக்கரியில் நீராவி செலுத்தி எரிவாயு எடுக்கும் உங்களில் பலர், "வினையூக்கி போட்டால் எரிபொருள் மிச்சமாகுமா?" என்று கேட்கிறீர்கள். அதை விற்பவர்கள் நாங்கள். அதனால்தான் விவரமாகவே சொல்லிவிட விரும்புகிறோம்.

சூடான கரியும் நீராவியும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இந்த வினை வெப்பத்தை விழுங்கும். 12 கிராம் கார்பன் 18 கிராம் நீராவியோடு வினைபுரிய சுமார் 131 கிலோஜூல் வெப்பம் தேவை. எந்த வினையூக்கியாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. அது கூட்டுவது வேகத்தை மட்டுமே. அதே வேகம் குறைந்த சூட்டிலேயே கிடைப்பதால் வெப்ப இழப்பு குறைகிறது, உலைச் சுவரும் கூடுதல் நாள் உழைக்கும். மிச்சம் என்றால் அதுதான்.

இந்த வேலைக்கு எங்கள் தேர்வு பொட்டாசியம் கார்பனேட். கரைசலில் கரியை ஊறவைத்து உலர்த்தினால் நுண்துளைகள் வரை சீராகப் பரவும். சோடியம் பொதுவாக ஒரு படி பின்னால் நிற்கும். கால்சியம் தொடக்கத்தில் நன்றாக வேலை செய்யும்; போகப்போக அதன் துகள்கள் திரண்டு வீரியம் குறையும். நிக்கல் பெரும்பாலும் வாயுவோடு வரும் பிசுபிசுப்பான தார் (tar) என்ற கழிவை உடைக்கப் பயன்படுவது, அது வேறு கதை.

சரி, இதையெல்லாம் வாங்கியே ஆக வேண்டுமா? மரக்கரியின் சாம்பலில் பொட்டாசியமும் கால்சியமும் இயல்பாகவே உண்டு. சில கரிகளுக்கு அதுவே போதும். அதனால் முதலில் கரியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் மணலையும் நீக்குங்கள். மணலிலுள்ள சிலிக்கா பொட்டாசியத்தைப் பிடித்துச் சிலிகேட்டாக மாற்றிவிடும். வினையூக்கி வீணாவதோடு, அந்தச் சிலிகேட் உருகிக் கட்டியாகி, கரியைத் தாங்கும் அடித்தட்டின் துளைகளையும் அடைக்கும். சூட்டை அளவுக்கு மேல் ஏற்றினால் பொட்டாசியம் ஆவியாகிக் குளிர்ந்த குழாய்களில் போய்ப் படியும்.

கரைசல் காரமானது, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, உயிரைப் பறிக்கும். எச்சரிக்கைக் கருவி இல்லாமல் உலையை ஓட்டாதீர்கள்.

ஆர்டர் தரும் முன் கொஞ்சம் கரியை மாதிரிக்கு அனுப்புங்கள். சாம்பலைச் சோதித்து, வினையூக்கி தேவையில்லை என்றால் அப்படியே சொல்லிவிடுவோம். எந்த மரத்தின் கரி, உலை எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
விற்பனை மற்றும் சோதனைப் பிரிவு