ஜூலை 31-ஐத் தாண்ட வைத்தவர்களுக்கு

திருவானைக்காவல் வீதிகளில் விடியற்காலையில் என்னோடு நடக்கும் மூவருக்கும், தில்லைநகர் டீக்கடை மாஸ்டருக்கும், எதிர்வீட்டு அக்காவுக்கும், மெடிக்கல் ஷாப் தம்பிக்கும், திருவெறும்பூரிலிருந்து மஞ்சப்பையோடு வந்த பெரியவருக்கும், விட்டுப்போன இன்னும் சிலருக்கும் வணக்கம்.

பெயர் போட்டே எழுத ஆசைதான். ஆனால் டீச்சரக்கா, "என் பேரைப் போட்டேன்னா அப்புறம் உன்கூட நடக்கவே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்வார். அதனால் யார் பெயரும் இல்லை. படிக்கும்போது நான் உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜூலைக் கடைசி வாரம் அங்கே எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்காது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய 31-ஆம் தேதி கடைசி. தாண்டினால் தாமதக் கட்டணம். வருமானம் ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தால் 5,000 ரூபாய். சம்பளக்காரர்களுக்கு சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பார்ம் 16 ஜூன் பாதியிலேயே கைக்கு வந்துவிடும். ஆனாலும் ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்து முடித்த பிறகுதான் நம் ஆட்களுக்கு வரி ஞாபகம் வரும். குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் அதே கதைதான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தன் பார்ம் 16-ஐ 27-ஆம் தேதி ராத்திரிதான் நீட்டினார்.

இந்த வருடம் கூடவே பட்ஜெட்டும் வந்து சேர்ந்தது. 23-ஆம் தேதி, புதிய வரிமுறையில், சம்பளத்திலிருந்து வரி போடாமல் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000-லிருந்து 75,000 ஆகிறது என்று டிவியில் சொன்னார்கள். அந்த நிமிடத்திலிருந்து போன் ஓயவில்லை. "எனக்கு 75 போட்டுட்டீங்களா மேடம்?" அது அடுத்த வருடக் கணக்குக்கு, இப்போது தாக்கல் செய்வது 2024 மார்ச்சோடு முடிந்த வருடத்துக்கு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. சிலர் நம்பவே இல்லை. டிவியில் வந்த பணத்தை நான் மறைத்து வைத்திருக்கிறேன் என்ற பாவனையில் போனை வைத்தார்கள். 31-ஆம் தேதி ஒரே நாளில் மட்டும் நாடு முழுக்க 69.92 லட்சம் கணக்குகள் தாக்கலாயின என்று பிறகு அறிவிப்பு வந்தது. அதில் ஒரு கைப்பிடி எங்கள் மேசை வழியாகப் போனவை.

அந்த வேலையை நீங்கள் யாரும் எனக்காகச் செய்திருக்க முடியாது. செய்யச் சொல்லி நானும் கேட்கவில்லை. நீங்கள் செய்தது வேறு. வேலை நெருக்கும்போது நாம் முதலில் வெட்டுவது நமக்குப் பிடித்ததைத்தான். காலை நடை, ஒரு அரட்டை, உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளைச் சோறு. இவற்றைத் தள்ளிப்போட்டால் தாமதக் கட்டணம் யாரும் கேட்பதில்லை. அந்த வாரம் நான் வெட்டப் போனேன், நீங்கள் விடவில்லை. இந்த மடல் அதற்காக.

டீச்சரக்கா, "31 வரைக்கும் நடக்க வரமாட்டேன்" என்று நான் போட்ட மெசேஜுக்கு நீங்கள் பதிலே போடவில்லை. மறுநாள் ஐந்தேகாலுக்கு கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. நான் கோலம் போடக் கதவைத் திறந்தால், குடையை ஊன்றிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி ஒரு நிற்பு. "ஒரே ஒரு சுத்து. ஆபீஸ் பேச்சு பேசினா திரும்பிடுவேன்." முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவரிடம் நான் என்ன வாதாட முடியும்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தையல்கடை அக்கா, அந்த ஒரு சுற்றில் நீங்கள் சொன்ன கதைகளை எழுதினால் என் மீது கேஸ் வரும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு ரவிக்கைகள் இப்போதே குவியும் என்பதே எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். போனில் நடிகை போட்டோவைக் காட்டி, "கழுத்து இதே மாதிரி வேணும், ஆனா எங்க மாமியாருக்குத் தெரியக்கூடாது" என்று கேட்ட பெண்ணுக்கு நீங்கள் கடைசியில் தைத்துக் கொடுத்த ரவிக்கையின் கதைக்கு, சன்னதி வீதி முனையில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் வயிறு குலுங்கிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. தபால் ஆபீஸ் தோழியே, நீ அதிகம் பேசுகிற ஆள் இல்லை. என் பக்கத்திலேயே, என் வேகத்துக்கு நடந்தாய். உன் கவுன்ட்டரில் எத்தனை கூட்டமோ, அதை ஒரு நாளும் நீ தெருவுக்குக் கொண்டுவந்ததில்லை.

26-ஆம் தேதி இரண்டாவது ஆடி வெள்ளி. அகிலாண்டேஸ்வரியைப் பார்க்க விடியுமுன்பே கூட்டம் வீதியை அடைத்திருந்தது. ஆடி வெள்ளியில் அம்மனுக்குக் காலையில் லட்சுமி, உச்சியில் பார்வதி, மாலையில் சரஸ்வதி அலங்காரம். எதைப் பார்க்க வந்தவர்களாக இருந்தாலும் எல்லோரும் காலை ஐந்து மணிக்கே வந்துவிட்டது போலிருந்தது. நடக்க இடமில்லை. பூக்காரம்மாவின் கூடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம். அவர் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். இடது கைக் கட்டைவிரலில் வாழைநாரைச் சுற்றி, இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம், ஒரு கிள்ளு மரிக்கொழுந்து. பார்வை முழுக்க கோபுரத்துப் பக்கம், விரல்கள் மட்டும் தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே போயின. தோழி ஒரு முழம் வாங்கி என் தலையில் வைத்துவிட்டாள். ஏ.சி. போட்ட ஆபீஸ் அறையில் சாயங்காலம் வரைக்கும் மரிக்கொழுந்து வாசனை. காலையில் வந்த பார்ட்டி ஒருவர் ரிட்டர்னை மறந்து, தன் அம்மா ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டியதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். கால் மணி நேரம் போச்சு. போகட்டும்.

டீ மாஸ்டர் அண்ணே, பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ அனுப்புவது உங்கள் வியாபாரம். இரவு ஏழரைக்குக் கேட்காமலேயே சுக்குமல்லிக் காபி அனுப்பி, "தொண்டை கட்டியிருக்குன்னு பையன் சொன்னான்" என்றது எந்தக் கணக்கில் வரும்? 28 ஞாயிற்றுக்கிழமை, ஊரே லீவில் இருக்க நாங்கள் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீங்களே மாடியேறி வந்து, "மனு பாக்கர் மெடல் வாங்கிருச்சும்மா! வெண்கலம்! துப்பாக்கி சுடுறதுல நம்ம பொண்ணு வாங்குற முதல் ஒலிம்பிக் மெடலாம்!" என்று கத்தியபோது, எங்கள் ஆடிட்டர் சார் உட்பட எல்லோரும் பைலைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினோம். உங்கள் கடை டிவியின் முன்னால் பத்து நிமிடம். எல்லோருக்கும் டீ, காசு வாங்கவில்லை. பாரிசுக்கும் தில்லைநகருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது.

திருவெறும்பூர் பெரியவரே, உங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும். பெல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் எங்களிடம் வருகிறார்கள். உங்களைப் போல ஒருவரும் வரவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு பைல் எடுத்தீர்கள். பென்ஷன் கணக்கு மேலே, அதன் கீழே ஒவ்வொரு வங்கியின் டெபாசிட் வட்டிச் சான்றிதழ், அதன் கீழே மருத்துவக் காப்பீட்டு ரசீது, எல்லாம் மூலையில் துளை போட்டு டேக் கயிற்றில் கோத்தது. வரியைப் பழைய முறையிலோ புதிய முறையிலோ கணக்கிடலாம். பழைய முறையில் மூத்த குடிமக்களுக்கு வட்டியில் 50,000 வரை கழிவு உண்டு, புதிய முறையில் கிடையாது. ஆகவே இரண்டிலும் போட்டுப் பார்த்து எது லாபமோ அதைத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் ஏற்கெனவே போட்டு, பென்சிலில் ஓரமாக எழுதிக்கொண்டே வந்திருந்தீர்கள். என் கணக்கும் உங்கள் பென்சிலும் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போயின. ஓடிபி வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தீர்கள். அன்று காலைதான் வேறொருவர், "ஓடிபியை யாருக்கும் சொல்லாதேன்னு போலீசே சொல்றாங்க, நீங்க கேக்குறீங்களே" என்று என்னிடம் சண்டை பிடித்திருந்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நேரில் வரச் சொல்லி, அவர் கண் முன்னால்தான் முடித்தேன்.

அதோடு நீங்கள் விடவில்லை. மறுநாள் உங்கள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள், ஆளுக்கொரு டேக் கயிறு கட்டிய பைலோடு. குடியிருப்பில் உட்கார வைத்து நீங்களே அடுக்கிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அன்று மதியம் எனக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்தது உங்களால். என்ன சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது: எதிர்வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய மோர்க்குழம்பும் வாழைப்பூ பருப்பு உசிலியும்.

எதிர்வீட்டு அக்கா, அந்த வாரம் என் மகள் உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள், படித்தாள், ஒரு நாள் அங்கேயே தூங்கியும் போனாள். "இங்கயே இருக்கட்டும், எங்க வீட்டு மனுஷனுக்கும் பேச்சுத்துணை" என்று நீங்கள் சொன்னது என் சங்கடத்தைக் குறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாமாவிடம் கேரம் கற்றுக்கொண்டு இப்போது என்னையே தோற்கடிக்கிறாள். அதற்கு நன்றி சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மெடிக்கல் ஷாப் தம்பி, தலைவலி மாத்திரை கேட்டு வந்தபோது, "நேத்தும் இதைத்தானேக்கா வாங்குனீங்க?" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். தண்ணீர் குடித்தீர்களா, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றைத் தந்து அனுப்பினாய். கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்க் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் தலைவலி இல்லை, கோபமும் இல்லை. விற்காமல் விட்ட அந்த மாத்திரைக்கு நன்றி. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் ராத்திரி ஒன்னாம் நம்பர் பஸ் கண்டக்டருக்கும்: ஜன்னலோரம் தூங்கிப்போனவளை ஒவ்வொரு தடவையும் திருவானைக்காவலில் எழுப்பிவிட்டீர்கள்.

30-ஆம் தேதி காலையில் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. வயநாட்டு நிலச்சரிவுச் செய்தி போனில் வந்துகொண்டே இருந்தது. அன்றே மேட்டூர் அணை முழு உயரமான 120 அடியைத் தொட்டது, அணையின் வரலாற்றில் 43-வது தடவை. மலையில் மண்ணைச் சரித்ததும் கபினி வழியாக நம் அணைக்கு வந்ததும் ஒரே பருவமழைதான். இதை எழுதும்போது மகிழ்ச்சி என்ற சொல்லுக்குக் கை கூசுகிறது. டீச்சரக்கா எங்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக் கேரளத்து நிவாரண நிதிக்கு அனுப்பினார். அதற்கு மேல் பேச அன்று ஒன்றும் இல்லை.

கடைசி ரிட்டர்ன் போய், அக்னாலெட்ஜ்மென்ட் வந்தது 31 இரவு. மறுநாள் நன்றாகத் தூங்கலாம் என்றிருந்தால் தையல்கடை அக்கா ஸ்கூட்டரோடு வந்து நின்றார். "தண்ணி வந்திருச்சு, வா." வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர், இந்த வருடம் இருப்பு இல்லாமல் ஜூலை 28-இல்தான் திறந்தது. அதுவரை மணலும் நாணலுமாகப் பார்த்த காவிரி, பாலத்துக்குக் கீழே செம்பழுப்பாக, இலையும் தழையும் சுழல ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளத்தின் பெரும்பகுதியை காவிரி பிரியும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் விட்டிருந்தார்கள். அங்கே உயரழுத்த மின்கோபுரமே சாய்ந்துபோனது. ஆனால் எங்கள் பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவரோரம் அரைத் திருச்சி நின்றது. முன்பின் தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றார். ஆபீசுக்குப் போகிற வழியில் நிறுத்திய பைக்குகள் வரிசையாக நின்றன. அத்தனை பேரும் அன்று ஆபீசுக்கு லேட்.

மூன்றாம் தேதி ஆடிப்பெருக்குக்கு நாங்கள் ஆற்றுப்பக்கம் போகவில்லை, வெள்ளம் வேண்டாம் என்று எதிர்வீட்டு மொட்டைமாடியிலேயே தண்ணீர்க்குடம் வைத்துக் கும்பிட்டோம். தேங்காய் சாதம் என் முறை, புளிசாதம் தபால் ஆபீஸ் தோழி, காப்பரிசி டீச்சரக்கா. சர்க்கரை இருப்பவர் அதில் எவ்வளவு சாப்பிட்டார் என்று இங்கே எழுத மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள். அந்த மாதம் நான் மறுபடி காணாமல் போவேன். அதற்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லோரும் நம்ம ஊர் பார்த்தசாரதி விலாஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள். நெய் ரோஸ்ட், காபி, என் செலவு. ஏழரைக்கு மேல் இடம் கிடைக்காது. டீ மாஸ்டர் அண்ணே, ஞாயிறு காலை கடை உண்டு என்று தெரியும். பையனிடம் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள். பெரியவரே, நண்பர்களையும் அழைத்து வாருங்கள், பைல் வேண்டாம்.

அன்புடன்,
ஆடிட்டர் ஆபீஸ் அக்கா
திருவானைக்காவல், ஆகஸ்ட் 2024