கதவு திறக்கும் அந்த ஒரு கணம்: குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர் அவர்களுக்கும், நம் அடுக்ககத்தில் குடியிருப்போர் அனைவருக்கும்,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் வீட்டு நாய் கறுப்பி, நான் கதவைத் திறந்ததும் பால் போட வந்த அம்மாவின் மேல் பாய்ந்தது. கடிக்கவில்லை, ஆயினும் அவர் பின்வாங்கிப் படிக்கட்டின் கைப்பிடியை இறுகப் பற்றி நின்றதும், உடைந்த பாக்கெட்டிலிருந்து பால் படிப்படியாக இறங்கியதும் என் கண்ணை விட்டு அகலவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

அதன்பின், நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தீர்மானம் வரவிருப்பதாக அறிந்தேன். சங்கங்கள் அவ்வாறு தடுக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் அதைக் காட்டி உங்கள் வாயை அடைப்பது என் நோக்கமன்று. வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி குற்றம். 2023 ஜனவரியில் ஹைதராபாத்தில், ஒரு வீட்டுக்கு உணவு கொண்டுசென்ற இளைஞர் ஒருவர் அந்த வீட்டு நாய் துரத்தியதால் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து உயிரிழந்தார். உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் பால்காரம்மா பயந்தது லிஃப்டில் அல்ல, என் வாசலில்.

கூரியர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய் நாள்தோறும் கற்றுக்கொள்கிறது. நாம் அதட்டினால் பரபரப்புதான் கூடும். ஆகவே மூன்று வாரங்களாகக் கதவிலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு கோரைப்பாயை விரித்து, அழைப்பு மணியின் ஓசையைக் கைபேசியில் பதிந்து மெல்லிய ஒலியில் ஒலிக்கவிட்டு, கறுப்பி பாயில் படுத்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுத்து வருகிறேன். தாழ்ப்பாளில் கை வைக்கும்போது அது எழுந்தால் கையை எடுத்துவிடுவேன். படுத்தால் மீண்டும் வைப்பேன். முதல் நாள் விரல் பட்டாலே துள்ளி எழுந்தது. இப்போது கதவு ஒரு சாண் திறந்தாலும், வால் பாயில் தட்டத் தட்ட, படுத்தே இருக்கிறது.

ஆனால் வெளியே நிற்பவன் என் மகன். அவனுடைய வாசனை அதற்குத் தெரியும். அயலார் வந்து நிற்காமல், அயலாரிடம் நடந்துகொள்ள அதற்குக் கற்றுத்தர முடியாது. இதில் உங்கள் துணையின்றி என்னால் மேலே செல்ல இயலவில்லை.

எனவே அந்தத் தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைத்து, அதுவரை நாய் வளர்க்கும் வீடுகளுக்குப் பொருள் கொண்டுவருபவர்களை, காவலாளி இன்டர்காமில் தெரிவித்த பிறகே மேலே அனுப்புமாறு பணிக்க வேண்டுகிறேன். மனமுள்ளவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து எங்கள் வீட்டு மணியை அழுத்துங்கள். கறுப்பி கழுத்துப்பட்டியும் கயிறுமாக என் கையில் இருக்கும். இரும்புக் கிராதிக் கதவும் பூட்டியிருக்கும். அதன் கண்ணைப் பார்க்காமல், கை ஓங்காமல், ‘சூ’ என்று விரட்டாமல், என்னோடு மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனால் போதும். நாய்க்குப் பயப்படுபவர்கள் கட்டாயம் வர வேண்டியதில்லை.

பால்காரம்மா இப்போது பாக்கெட்டைக் கீழே காவலாளியிடமே கொடுத்துவிட்டுப் போகிறார். அவரை நான் இன்னும் மேலே அழைக்கவில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்தில் குடியிருக்கும் கறுப்பியின் வீட்டார்