கோடை விழாவோடு சேர்க்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களில் குழந்தைகளோடு குடும்பமாகச் சென்று வரத்தக்க விழாக்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சிறார் திரைப்பட விழாக்களை மலைவாழிடங்களின் கோடை விழாவிலும் ஓர் அங்கமாகச் சேர்க்கலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. யோசனை நல்லது, தேர்ந்தெடுத்த காலம்தான் பொருந்தவில்லை.

எங்கள் நீலகிரி மாவட்டத்தில் மே மாதத்தில் உதகை தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் நடைபெறுகின்றன. வெளியூர் வாகனங்கள் முன்கூட்டியே பதிவுசெய்து பெற வேண்டிய இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்து, மறு ஆண்டு வாகனங்களுக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்ட பிறகும், சீசன் நாளில் கோத்தகிரியில் பேருந்து ஏறினால் உதகைக்கு எப்போது போய்ச் சேருவோம் என்று எவராலும் சொல்ல முடிவதில்லை. அந்த நெரிசலில் நடத்தப்படும் படவிழா சமவெளியிலிருந்து வரும் குழந்தைகளுக்குப் பயன்படுமே தவிர, எங்கள் ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலும், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் வளரும் பிள்ளைகளுக்கு எட்டாது.

நவம்பரும் ஆகாது. 1955இல் தொடங்கப்பட்டு 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்ட சிறார் திரைப்படக் கழகம், ஹைதராபாத்தில் நடத்திவந்த சர்வதேச விழாவை நவம்பர் 14ஐ ஒட்டியே வைத்துக்கொண்டது. நகரத்துக்கு அது சரி. இங்கோ அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2009 நவம்பரில் மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டம் இது. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையும் பொங்கலும் முடிந்த ஜனவரிக் கடைசி வாரங்களே ஏற்றவை. காலையில் உறைபனி இருந்தாலும் பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும். காட்சியும் பகலில்தான் இருக்க வேண்டும்; மாலைக் காட்சி முடிவதற்குள் பல ஊர்களுக்குக் கடைசிப் பேருந்து போய்விடும், கரடியும் காட்டெருமையும் திரியும் பாதையில் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போக எந்தப் பெற்றோரும் துணிய மாட்டார்கள்.

அடுத்தது மொழி. கூடலூர், பந்தலூர் பகுதியில் ஒரே வகுப்பறையில் தமிழும் மலையாளமும் பணியர் பழங்குடியினரின் மொழியும் பேசும் குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள். அடியில் ஓடும் ஆங்கில வரிகளால் எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன பயன்? 1978 முதல் சிறார் பிரிவு நடத்திவரும் பெர்லின் திரைப்பட விழாவில், சிறு குழந்தைகளுக்கான காட்சிகளில் ஒருவர் அரங்கிலேயே அமர்ந்து வசனங்களை ஜெர்மன் மொழியில் வாசித்துக்காட்டுகிறார். நமக்கும் இது புதிதல்ல. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படக்கருவியோடு ஊர் ஊராகக் கிளம்பிய அந்த மௌனப்பட யுகத்தில், திரையருகே நின்று உரத்த குரலில் கதை சொல்ல ஆள் இருந்தார். அந்த வேலையை இன்று ஒரு பள்ளி ஆசிரியரோ, குரல்வளம் உள்ள கல்லூரி மாணவியோ செய்யலாம்.

சென்னையில் என் தங்கையின் பேரனோடு ஒரு சிறார் திரையிடலுக்குப் போயிருந்தேன். விளக்குகளை முழுவதுமாக அணைக்கவில்லை, ஒலியையும் குறைத்தே வைத்திருந்தார்கள். படம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. நடுவில் ஒரு சிறுமி எழுந்துபோய்த் திரையில் ஓடிய நாயைத் தொட்டுப் பார்த்தாள். அதட்டுவதற்கு யாரும் வரவில்லை. குளிர்சாதன வசதியைவிட இந்தப் பக்குவத்தைத்தான் நகரத்திடமிருந்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். (தின்பண்டங்களின் விலையை அங்கேயே விட்டுவிடலாம்.)

அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு மாதந்தோறும் சிறார் படம் திரையிடும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. 1921இல் வெளிவந்த சாப்ளினின் ‘தி கிட்’ படமே முதலில் தேர்வானது. வசனமே இல்லாத அப்படம் எங்கள் பலமொழி வகுப்பறைக்கென்றே எடுத்தது போலிருந்தது. ஆனால் அத்திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடமில்லை, குடும்பத்தினருக்கும் இடமில்லை. தேயிலை பறித்து வீடு திரும்பும் தாய் தன் மகளோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்க்கும் வாய்ப்பு வாரவிடுமுறை நாளில்தான் கிட்டும்.

எனவே மாவட்ட நிர்வாகமும் பள்ளிக் கல்வித் துறையும் இணைந்து, வரும் ஜனவரியில் ஒரு ஞாயிறு கூடலூரிலும் மறு ஞாயிறு கோத்தகிரியிலும், பள்ளி அரங்குகளிலேயே, கட்டணமின்றி, காலை பத்தரை மணிக்குத் தொடங்கும் திரையிடல்களுக்கு ஏற்பாடு செய்யுமாறு தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்டேட் பகுதிகளுக்கு அன்று மட்டும் கூடுதலாக ஒரு பேருந்து விட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி.