அப்பாவுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

கொழும்பு 06

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை இடையில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"அந்த மெதுவாப் போற சிங்களப் படங்களை எப்படித்தான் உட்கார்ந்து பார்க்கிறியோ" என்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர் சங்கதி. சிங்களத்தின் முதல் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ' 1947இல் வந்தது. அது எடுக்கப்பட்டது நம் மதுரையில், சித்ரகலா மூவிடோன் ஸ்டுடியோவில். தயாரித்த எஸ்.எம். நாயகம் தமிழர். அதன் பிறகும் பல வருஷம் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய செட்டுகளுக்குள்ளேதான் உருவாயின. 1956இல் இந்த நாட்டு இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' எடுத்தபோதுதான் கேமரா ஸ்டுடியோவை விட்டு இந்த நாட்டுக் கிராமத்துக்குப் போனது. அடுத்த வருஷம் அது பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டிக்குப் போயிற்று.

மெதுவாக இருந்தால் போதும், நல்ல படம் என்று நான் சொல்லமாட்டேன். கேமராவைச் சும்மா வைத்துவிட்டு ஆழம் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் படங்கள் எனக்கும் ஆகாது. எனக்குப் பிடித்தது சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' மாதிரிப் படம். ராணுவத்தில் இருந்த மகன் செத்துவிட்டான் என்று சீல் வைத்த சவப்பெட்டி வருகிறது. கண் தெரியாத அப்பா அதை நம்ப மறுக்கிறார். நஷ்டஈட்டுப் பணம் கிடைக்க ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டில் கஷ்டம், ஊரே சொல்கிறது. அவர் போடவில்லை. அவர் முகத்தை நாமே பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும், யாரும் பின்னால் வயலின் வாசித்து அழச் சொல்வதில்லை. 1997இல் எடுத்த படம். அரசாங்கம் தடுத்து, வழக்கு நடந்து, 2001இல்தான் இங்கே திரைக்கு வந்தது. என்னோடு ஆபீசில் வேலை செய்கிற சிங்களப் பெண் வீட்டில் பார்த்தோம். அவள் அம்மா நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் எனக்கு பிளேன்டீ, பால் இல்லாத தேநீர், ஊற்றிக் கொடுத்தார். இந்த ஊரில் நான் சொந்தமாய் உணர்ந்தது அன்றைக்குத்தான், அப்பா. இதற்கு மேல் அதை விளக்கத் தெரியவில்லை. தர்மசேன பத்திராஜ என்கிற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தமிழிலேயே எடுத்த 'பொன்மணி'யை நீங்கள் வந்ததும் சேர்ந்து பார்ப்போம்.

இனி நீங்கள் வருகிற விஷயம். மதுரையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, ஏறி உட்கார்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் கட்டுநாயக்க ஏர்போர்ட் வந்துவிடும். நானே வந்து கூட்டிப்போகிறேன். பௌர்ணமியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். அன்று போயா, நாடு முழுக்க விடுமுறை, பல கடைகள் திறக்காது.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து தெற்கே கல்கிசைப் பக்கம் போகிற ரயிலில் உங்களை ஒருநாள் கூட்டிப்போக வேண்டும். வலதுபக்க ஜன்னல்தான் பிடிக்க வேண்டும். கொள்ளுப்பிட்டி தாண்டினால் கடல் அவ்வளவு கிட்டத்தில், அலை பெரிதாக இருந்தால் முகத்தில் உப்புச் சாரல் அடிக்கும். ஆனால் காலையிலும் ஆபீஸ் விடுகிற நேரத்திலும் வேண்டாம், படியில் தொங்கிக்கொண்டு போவார்கள். பஸ் என்றால் காலி வீதி என்கிற பெரிய ரோட்டில் நூறாம் நம்பர், கடைத்தெருக்கள் இருக்கிற புறக்கோட்டை வரை போகும், சில்லறை வைத்திருங்கள். ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆப்பில் நான் கூப்பிட்டுத் தருகிறேன்.

புறக்கோட்டையில் அம்மாவுக்குப் பொழுது போய்விடும். செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கோயில்களும் பக்கத்துப் பக்கத்தில். வெயிலில் நடக்கவிடாதீர்கள், காலையிலேயே போய் வந்துவிடலாம்.

உங்களுக்கென்று நான் வைத்திருப்பது கொழும்பு மியூசியத்தில் ஒரு கல். சீனத் தளபதி செங் ஹோ 1409இல் செதுக்கிக் கொண்டுவந்தது, 1911இல் தெற்கே காலி என்கிற ஊரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. தமிழ்ப் பகுதி இந்தத் தீவின் தென்கோடியில் இருக்கிற தேவுந்துறைப் பெருமாளுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. எழுத்துத் தேய்ந்திருக்கிறது, கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். சாயங்காலம் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், வீட்டுக்குப் பக்கம்தான், நீங்களே நடந்து போய்வரலாம்.

பெட்டியில் இடமிருந்தால் அம்மா கையால் இடித்த மிளகாய்ப்பொடி ஒரு கிலோ. இங்கே கறிக்கு வறுத்த தூள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் குழம்புக்கு அது சேரவில்லை. பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணுங்கள், விசாவுக்கு இங்கிருந்தே ஆன்லைனில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்