கிழக்குத் தெரு ஆயாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

பட்டாளத்தில் இருந்த என் மகனுக்கு நேற்றோடு பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தல்காரர் கம்புகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வாசல் வெறிச்சென்று கிடக்கிறது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு போன் வருவதற்கு முன்பே டி.வி.யில் பார்த்தவர்களும் உண்டு. அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பெயரைப் போட்டு ஒருவரை விட்டுவிட்டேன் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. குழி வெட்டிவிட்டுக் கூலி வாங்க மாட்டேன் என்று ஓடிய பையன்கள், மூன்று நாள் வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட மேலத் தெருப் பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாமல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போன தலைமை ஆசிரியர், அதிகாரிகள், காவலர்கள், பேரப்பிள்ளையைத் தன் வீட்டில் தூங்கவைத்த பக்கத்து வீட்டுக்காரி. மகனின் உடல் வந்த பெட்டியோடு வந்த ஒடிசாக்காரப் பட்டாளத்துப் பையனையும் சொல்ல வேண்டும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் மனைவியின் காலடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

இனி ஆயா விஷயம்.

எங்கள் மாடு ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து. என் கையும் மருமகள் கையும் தவிர வேறு கை பட்டால் உதைக்கும். போன் வந்த அன்று விடியற்காலையில் கறந்ததுதான். அதற்குப் பிறகு மாடு என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோனது. பெட்டி வருவதற்கு முதல் நாள், பந்தலில் பெரிய மனிதர்கள் சூழ உட்கார்ந்திருக்கிறேன். கிழக்குத் தெரு ஆயா நேராக என் முன்னால் வந்து நின்று, “தம்பி, வௌக்கெண்ணெ எங்க வச்சிருக்க?” என்று கேட்டது. யாரோ மயங்கிவிட்டார்கள், உச்சியில் வைக்கக் கேட்கிறது என்று நினைத்து அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினேன். அதோடு மறந்தேன்.

முந்தாநாள் பால் சொசைட்டியில் இருந்து பட்டுவாடாப் பணம் வந்தது. என்ன பணம் என்று கேட்டேன். பால் பணம்தான் என்றார்கள். அட்டையைப் புரட்டினால் ஒரு வேளை மட்டும் விட்டுப்போயிருக்கிறது. மற்ற எல்லா வேளையும் பதிந்திருக்கிறது. ஆயாதான் கறந்து ஊற்றியிருக்கிறது. வௌக்கெண்ணெ கேட்டது காம்பில் தடவிக் கறக்கத்தான். அடக்கம் நடந்த நாளில்கூட, காலை 3.8 லிட்டர், மாலை 2.9. அந்த மாலை எது என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று முறை வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செய்த மாலை. வேட்டுச் சத்தத்துக்கு மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்ததாம், ஆயா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொட்டகையிலேயே நின்றதாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் தெரியும். ஆயாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. முழங்காலில் மாடு உதைத்த காயம் இன்னும் ஆறவில்லை.

பணத்தை எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். தொடவே மாட்டேன் என்றது. அப்புறம் அதுவாகவே பேசியது.

ஆயாவின் வீட்டுக்காரர் பாகிஸ்தானோடு நடந்த 1971 போரில் இறந்தவர். டாக்காவில் 93,000 பேர் சரணடைந்தார்கள் என்று நாடே கொண்டாடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் இங்கே தந்தி வந்திருக்கிறது. “நெல்லு அவிச்சிட்டிருந்தேன். போஸ்ட்மேன் படிச்சிட்டு அவரு அழுவுறாரு. எறக்கலன்னா நெல்லு கொழஞ்சிடுமேன்னு அண்டாவ எறக்கி வச்சிட்டுதான் நான் அழுதேன். அன்னிக்கி எங்க மாடும் இப்பிடித்தான் கத்திச்சி. ரெண்டு நாளு யாரும் பாக்கல. மடிநோவு வந்து ஒரு காம்பே போயிடுச்சி.”

உடல் வரவில்லை. அந்தக் காலத்தில் போன இடத்திலேயே எரித்துவிடுவார்கள். வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் 1999 கார்கில் சண்டையில்தான் பரவலாக வந்தது. ஆயாவுக்கு அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டேன். “தந்தியில அது இல்லியே” என்றது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மகனுக்கு ஊரில் பதினோரு ஃபிளக்ஸ் வைத்திருந்தார்கள். அன்போடு வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. எல்லாவற்றிலும் ‘வீரமரணம்’ என்று இருந்தது. அவன் என்ன செய்தான் என்று ஒன்றில்கூட இல்லை. நானும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 22 வருடம் இருந்தவன். ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அது மேடு ஏறும்போது காலுக்கு வேண்டிய சத்தம். மற்ற நேரத்தில் பங்கரில் உட்கார்ந்து நாங்கள் நாட்டுப்பற்று பேசியதாக ஞாபகமே இல்லை. லீவு, மெஸ் சப்பாத்தி, ஊர்க்கடன், இதுதான் பேச்சு. குண்டு விழும்போது பக்கத்தில் கிடப்பவனை விட்டுவிட்டு வர மனசு கேட்காது. எனக்குத் தெரிந்த நாட்டுப்பற்று அதுதான். ஸ்டூடியோவில் உட்கார்ந்து சண்டை வேண்டும் என்று மேசையைத் தட்டுகிறவர்களுக்கு வேறு ஏதாவது தெரிந்திருக்கலாம்.

சாவதால் ஒருவன் வீரனாகிவிடுவான் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. போர்க்களத்து வீரத்துக்கான மிகப் பெரிய விருதான பரம் வீர் சக்ரா 21 பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். 14 பேருக்கு இறந்த பிறகு. மீதி ஏழு பேர் உயிரோடு வந்து வாங்கியவர்கள். கார்கில் சண்டையில் டைகர் ஹில்லில் உடம்பெல்லாம் குண்டு வாங்கிய யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது 19 வயது. பிழைத்து வந்தார். அதனால் அவர் செய்தது குறைந்துபோய்விட்டதா?

என் மகன் செய்ததை அந்த ஒடிசாப் பையன்தான் சொன்னான். எனக்கு இந்தி தெரியும் என்பதால் என்னிடம் மட்டும் சொன்னான். என் மகன் மறைவிடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டானாம். கீழே ரேடியோக்காரப் பையன் விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கியிருக்கிறான். அந்தப் பையன் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பிழைத்துவிட்டான். எனக்கு இது போதும். அவன் திரும்பி இறங்கினான்.

நம் செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். எதிரிகள் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போனபோது இவன் தொறு மீட்டுப் பட்டான், அதாவது மந்தையை மீட்டுச் செத்தான் என்று, செய்த காரியத்தைச் சொல்லித்தான் கல்லில் வெட்டியிருப்பார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்பவனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று 1,400 வருடத்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்குக்கூட அது செய்ததை எழுதினார்கள்.

ஃபிளக்ஸ் வைத்த தம்பிகளே, தயவுசெய்து கழற்றிவிடுங்கள், மழைக்குக் கிழியும் முன்னால். ஏரிக்கரையில் ஒரு கல் நடப்போகிறேன். அவன் பெயர், ஊர், ‘கீழே கிடந்த தோழனுக்காகத் திரும்பி இறங்கினான்’. வேறு எதுவும் வேண்டாம்.

ஆயா, பால் பணம் உன் பேரில் சொசைட்டியிலேயே இருக்கிறது, வேண்டும்போது வாங்கிக்கொள். கல்லில் உன் வீட்டுக்காரர் பெயரும் வரும். அவர் என்ன செய்தார் என்று கேட்டு வெலிங்டனில் உள்ள பட்டாளத்து ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு இன்று காலை ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் போட்டேன். அவர் பெயர், நம்பர், 1971 டிசம்பர் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த வரிக்கு இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன் கல் கொத்துகிறவரிடம்.