டுபாயிலிருந்து கார்பெட் கொண்டுவரும் மகனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள தம்பிக்கு,

மார்கழியில் வரும்போது புது பிளற்றுக்கு அங்கேயிருந்தே கார்பெட் வாங்கி வருவதாகச் சொன்னாய். வாங்கி வா. ஆனால் இங்கே விரித்த பிறகு அளவு பிழைத்தால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு அறையையும் அளந்து எழுதுகிறேன். கடைக்குப் போகும்போது இது கையில் இருக்கட்டும். மருமகளிடமும் காட்டு.

அங்கே அளவெல்லாம் சென்ரிமீற்றரில் எழுதியிருக்கும். 120க்கு 170 என்றால் ஏறக்குறைய 4 அடிக்கு ஐந்தரை அடி. 160க்கு 230 என்றால் ஐந்தேகால் அடிக்கு ஏழரை அடி. 200க்கு 290 என்பது ஆறரை அடிக்கு ஒன்பதரை அடி. 240க்கு 340 என்பது 7 அடி 10 அங்குலத்துக்கு 11 அடி 2 அங்குலம். உனக்கு வேண்டியது இந்த நாலுக்குள்ளே அடங்கிவிடும்.

கார்பெட் வாங்குகிறவர்கள் அதிகம் விடுகிற பிழை, சிறிதாக வாங்குவதுதான். சோபா செற்றிக்கும் ரீவி மேசைக்கும் நடுவே தெரிகிற வெறும் தரையை மட்டும் அளந்து, அதற்குள் அடங்குகிற மாதிரி வாங்குவார்கள். கடையில் பக்கத்தில் ஒரு தளபாடமும் இல்லாமல் விரித்துக் காட்டும்போது அது பெரிதாகத்தான் தெரியும். வீட்டில் நடுவே ஒரு ரீப்போ மேசையை வைத்ததும் கைக்குட்டை மாதிரிச் சுருங்கிப்போகும். செற்றியின் முன்கால் இரண்டும் கார்பெட்டின் மேல் நிற்கவேண்டும். அதை மனதில் வைத்து அளந்தால் பிழைக்காது.

உன் ஹோல் 12 அடி அகலம், 20 அடி நீளம். ஒரு தலைப்பில் பல்கனிக் கதவு, மறு தலைப்பில் சாப்பாட்டு மேசை. செற்றி நீளச் சுவரோடு நிற்கும், அதன் நீளம் 7 அடி, ஆழம் 3 அடி. எதிர்ச் சுவரில் ஒன்றரை அடி ஆழமான ரீவி மேசை. இரண்டுக்கும் இடையில் மிஞ்சுவது ஏழரை அடி, அதாவது 90 அங்குலம். இதற்கு 200க்கு 290 வாங்கு. ஒன்பதரை அடிப் பக்கம் செற்றியின் நீளத்தோடு போகட்டும், செற்றிக்கு இரு புறமும் 15 அங்குலம் வெளியே தெரியும். அகலப் பக்கத்தில் 8 அங்குலத்தைச் செற்றிக்கு அடியில் தள்ளிவிட்டால், ரீவி மேசைக்கு முன்னால் 19 அங்குலம் வெறும் ரைல் தரை கிடக்கும். மேசையின் கதவைத் திறக்கவும் கூட்டவும் அது காணும்.

160க்கு 230 மலிவாக இருக்கிறதென்று ஹோலுக்கு எடுத்துவிடாதே. அதன் நீளம் செற்றியைவிட ஒரு புறம் 3 அங்குலம்தான் கூட. அளவு தெரியாமல் வெட்டின துணி போலத் தெரியும். 240க்கு 340 எடுத்தால் ரீவி மேசைக்கு 4 அங்குலம் மட்டுமே மிஞ்சும், மறுபக்கம் பல்கனிக் கதவடிக்கும் போய்விடும். அந்தக் கதவிலிருந்து குறைந்தது இரண்டரை அடி தள்ளித்தான் விரிக்கவேண்டும். வைகாசியில் சோளகக் காற்று தொடங்கினால் கடற்பக்கத்துச் சாரல் கதவு இடுக்கால் உள்ளே வரும், உனக்குத் தெரியும்தானே.

நேற்று இரண்டு பழைய சேலைகளை இந்த அளவுக்கு மடித்து, பக்கம் பக்கமாக ஹோலில் விரித்துப் பார்த்தேன். ஒரு சேலையின் அகலம் 45 அங்குலம், ஒன்றன்மேல் ஒன்றை 11 அங்குலம் ஏற்றிப் போட்டால் 200 சென்ரிமீற்றர் சரியாக வரும். சமையலறைக்குப் போகிற வழியும் பல்கனிக்குப் போகிற வழியும் மறிபடவில்லை. நீ வந்து வேறு தளபாடம் போடுவதானால் அப்போதும் இப்படித்தான் பார்க்கவேண்டும். கடதாசியில் போட்ட கணக்கு சரியாக இருந்தாலும் நடந்து பார்த்தால்தான் கால் தடக்குகிற இடம் தெரியும்.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒன்றும் வேண்டாம். மேசை 3 அடிக்கு 5 அடி. கதிரையைப் பின்னால் இழுத்து எழும்ப மேசையின் ஓரத்திலிருந்து 24 அங்குலம் கார்பெட் வேண்டும். அதாவது குறைந்தது 7 அடிக்கு 9 அடி. 200க்கு 290 போட்டால் நீளப் பக்கங்களில் இருபத்தொன்றரை அங்குலம்தான் வரும். கதிரையின் பின்கால் இரண்டும் ரைலுக்கு இறங்கிவிடும், திரும்ப உள்ளே இழுக்கும்போது ஓரத்தில் கொழுவி கார்பெட்டே சுருண்டு வரும். 240க்கு 340 போட உன் வீட்டில் இடமில்லை. இடம் இருந்தாலும் நான் மறிப்பேன். சோறும் பருப்பும் சிந்துகிற இடம் அது. மஞ்சள் கறை வெயிலில் போட்டால் மெல்ல வெளிறும், எண்ணெய் அப்படிப் போகாது.

பெரிய அறை 12க்கு 12. ஒரு பக்கச் சுவரில் 2 அடி ஆழமான அலுமாரி, நடுவில் 5 அடிக் கட்டில், இரு புறமும் இரண்டரை அடி இடைவெளி. ஹோலுக்குச் சிறிதென்று தள்ளின 160க்கு 230 இங்கே கணக்காக இருக்கும். கட்டிலுக்குக் குறுக்காக விரி. தலைமாட்டுச் சுவரிலிருந்து 3 அடி தள்ளித் தொடங்கு, கட்டிலோடு நிற்கிற சிறு மேசைகள் ரைலிலேயே நிற்கட்டும். இரு புறமும் 15 அங்குலம் வெளியே வரும், காலையில் இறங்கும்போது பாதம் வைக்க அது தாராளம். கால்மாட்டில் 21 அங்குலம் தெரியும். இதைவிடப் பெரிதாகப் போட்டால் அலுமாரிக் கதவு உரசும்.

சின்னவளின் அறைக்கு 120க்கு 170 போதும். கட்டில் சுவரோடு இருப்பதால் அதன் அடியில் செருகத் தேவையில்லை, விளையாடுகிற இடத்தில் கிடக்கட்டும். அங்கே கதவைத்தான் கவனிக்கவேண்டும். அது உள்ளே திறக்கிறது, கதவின் அடிக்கும் ரைலுக்கும் 12 மில்லிமீற்றர் இடைவெளி. 10 மில்லிமீற்றர் கார்பெட்டுக்கு 3 மில்லிமீற்றர் அடிவிரிப்பும் போட்டால் கதவு இறுகிவிடும். கதவு வட்டமடிக்கிற 33 அங்குலத்துக்கு வெளியே போடு. கார்பெட்டின் மேல் மயிர் குட்டையானதாக எடு. நீளமானதில் விழுந்த சின்னச் சாமான்களைப் பிள்ளை வாயில் வைத்தபிறகுதான் நாங்கள் காண்போம்.

சாமி அறைக்கு ஒரு பாய் போதும்.

இனி, அளவைவிட எனக்குக் கூடக் கவலை தருகிற விஷயம். அங்கே ஏசி போட்ட வீட்டுக்குள் காற்று காய்ந்தது. இங்கே கடல் ஈரம், அதோடு நாள்தோறும் ரைல் துடைக்கிற வழக்கம். கடையில் கார்பெட்டின் மூலையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார். மண்ணிற முரட்டுச் சணல் நூல் ஓடினால் அது தண்ணீரைக் குடிக்கும். துடைக்கிற ஈரம் ஓரத்தில் பட்டுப்பட்டு, சணலின் நிறம் மேலேறி, வெளிர் நிறக் கார்பெட்டின் விளிம்பில் தேயிலைச் சாயம் போல ஒரு கோடு விழும். கழுவினாலும் முழுக்கப் போவது கஷ்டம். ரப்பர்ப்பால் பூசி ஒட்டின அடிப்பக்கம் சில வருடத்தில் காய்ந்து மாவாக உதிரும். மேலும் கீழும் செயற்கை நூலாக உள்ள நெசவுக் கார்பெட்தான் இந்த வீட்டுக்குச் சரி. பொலிப்ரொப்பிலீன் என்று எழுதியிருக்கும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். கம்பளி அழகுதான், ஆனால் இங்கே பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் காவல் இருக்கவேண்டும்.

ரைலில் வழுக்காமல் இருக்க அடிவிரிப்பு கட்டாயம். கார்பெட்டைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் குறைவாக, ஹோலுக்கு 195க்கு 285 என்று வெட்டச் சொல். இல்லாவிட்டால் ஓரத்தில் எட்டிப்பார்த்து அழுக்குப் பிடிக்கும். ஒட்டுகிற பிளாஸ்ரிக் வலையை எடுக்காதே, சூட்டில் ரைலோடு பிடித்துக் கறை விடும்.

சொன்ன அளவில் குஞ்சம் சேர்ந்ததா என்று கேள். விரிக்கச் சொல்லி நீயே நாடா பிடித்து அள, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வித்தியாசம் வருவது வழக்கம். கட்டும்போது மடிக்க விடாதே, மடிப்பு விழுந்தால் லேசில் போகாது. மயிர்ப்பக்கம் உள்ளே வர, சுருளின் நீளம் 200 ஆக இருக்கும்படி உருட்டச் சொல். 290 ஆக உருட்டினால் நம் லிப்டுக்குள் நிற்காது.

காசு கொடுக்குமுன் அடிப்பக்கத்தையும் அதில் ஒட்டியிருக்கிற சீட்டையும் படமெடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு கட்டச் சொல்லலாம்.

அன்புடன்,
அம்மா