யாழினி யாளினி ஆன கதையும் வரப்போகும் டிஜிட்டல் அடையாளமும்

இலங்கை டிஜிட்டல் பொருளாதார அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும் புதிய டிஜிட்டல் அடையாளத் திட்டத்தில் பணிபுரியும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பல ஆண்டுகளாக அயலவர்களுக்கு அரசாங்கப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் மகளின் பெயர் யாழினி. சிங்களத்தில் ழகரத்துக்கென்று தனி எழுத்து இல்லை. பிறப்பைப் பதிந்தவர் அதன் இடத்தில் ளகரத்தைப் போட்டார். பிறகு எங்கோ ஓர் அலுவலகத்தில் அந்தச் சிங்களப் பெயரைப் பார்த்துத் தமிழில் எழுதியவர் அவளை யாளினி ஆக்கினார். பரீட்சைச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று. வேலைக்குப் போகும் வயது வந்தபோது காகிதங்களில் அவள் நான்கு பேராக இருந்தாள். ஒவ்வொரு முறையும் சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்து, நால்வரும் ஒருத்தியே என்று நிரூபித்தோம்.

கடைசியாகப் போன அலுவலகத்தில் கருமபீடத்தில் இருந்த பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. நான்கு தாள்களையும் மேசையில் பரப்பினார். தகப்பனின் பெயரையும் பிறந்த திகதியையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். முத்திரையைக் குத்தினார். அந்த நிமிர்ந்து பார்த்தலை எந்த இயந்திரத்திடம் எதிர்பார்க்கலாம் என்பதுதான் என் கவலை.

புதிய அடையாளத்துக்காக முகம், கைவிரல் அடையாளம், கருவிழி எல்லாம் பதியப்படும் என்கிறீர்கள். நல்லது. ஆளை இன்னார் என்று அது சொல்லிவிடும். ஆனால் அந்த ஆளின் பழைய வாழ்க்கை பெயர்களில்தான் கிடக்கிறது: ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி, ஓய்வூதியம், விவாகச் சான்றிதழ். இவற்றை இணைக்கும் நாளில் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்று கணினி ஒதுக்கிவிட்டால், அந்த மனிதர் யாரிடம் போவார்? தமிழரில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தையின் பெயரை முன்னால் வைப்போம், மணமான பின் சிலர் கணவன் பெயரைச் சேர்ப்பார்கள், சிலர் சேர்ப்பதில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் கடவுச்சீட்டில் வெவ்வேறு குடும்பத்தார் போலத் தெரிகிறார்கள். கொழும்பு முஸ்லிம் வீடுகளில் ஒரே பெண் பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என்று மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதையும் என் கையாலேயே நிரப்பிய படிவங்களில் கண்டிருக்கிறேன். கணினித் திட்டத்தை வரைபவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இந்த நாட்டில் தமிழ் பேசும் மக்கள் பலரின் ஆவணங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் வழியைத் தந்தது. இரண்டும் காகிதத்தில் இருந்து கருமபீடம் வரை வந்து சேர எத்தனை காலம் எடுத்தது என்பதை நாங்கள் வரிசையில் நின்று அறிந்தவர்கள். திரைக்கு மாறும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க எங்களால் முடியாது.

இன்னொன்றையும் நீங்கள் வந்து பார்க்க வேண்டும். தொலைபேசி, போட்டோகொப்பி, இணைய வேலைகள் செய்து கொடுக்கும் எங்கள் தெருவின் கொமியூனிகேஷன் கடையில் ஒரு சிஆர் கொப்பி, அதாவது தடித்த குறிப்புப் புத்தகம், இருக்கிறது. அரசின் நலன்புரி உதவித்தொகையான அஸ்வெசுமவின் விண்ணப்பத்துக்கும் மற்ற இணையப் பதிவுகளுக்கும் வந்தவர்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கடவுச்சொல் எல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. கடைக்காரப் பையன் கெட்டவன் அல்லன். அவனிடம் வரும் கிழவிக்குக் கடவுச்சொல் மறந்துவிடும், மகன் கட்டாரில் இருக்கிறான், கைத்தொலைபேசியில் வரும் ஆறு இலக்கத்தை வாசிக்கக் கண் தெரியாது. அவன் எழுதி வைக்காவிட்டால் அடுத்த முறை வேலை நடக்காது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொன்னாலும், ஏழைகளின் டிஜிட்டல் அரசாங்கம் இன்று அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. கொப்பி தொலைந்தாலோ கெட்டவன் ஒருவன் கையில் கிடைத்தாலோ பறிபோவது அவர்களின் உதவித்தொகை. அந்த வேலையைச் செய்யச் சம்பளமும் பொறுப்பும் உள்ள ஓர் உத்தியோகத்தரைப் பிரதேச செயலகத்திலேயே, தமிழ் பேசுபவராக, ஏன் அமர்த்தக்கூடாது?

அரசாங்கத்தின் கணினிகளும் விழுந்திருக்கின்றன. 2023இல் அரச அலுவலகங்களின் தரவுகளை இணையவழியில் சேமித்து வைக்கும் லங்கா அரச முகில் சேவை (கிளவுட்) இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் களனி கங்கை பெருகி, வீடுகளோடு ஆவணங்களும் நனைந்தன. அப்படிப்பட்ட நாளில், ‘இணையம் இல்லை, பிறகு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பப்படாமல், காகிதத்திலாவது விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு மேசை வேண்டும். ஆவணங்கள் ஆற்றோடு போன குடும்பத்துக்கு அது எவ்வளவு அவசியம் என்று விளக்கத் தேவையில்லை.

டிஜிட்டல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாள் கூலியை இழந்து பத்தரமுல்லையில் உள்ள அரச அலுவலகங்களுக்குப் போய் வரிசையில் நின்ற தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களை அந்த வரிசையிலிருந்து விடுவிப்பது புண்ணியமான வேலை. 2022இல் எரிபொருளுக்கு வந்த கியூஆர் குறியீடு, நாட்கணக்கில் நீண்ட வரிசைகளைச் சுருக்கியதையும் மறக்கவில்லை.

நான் கேட்பது ஒன்று. திட்டத்தை நாடு முழுவதும் திறக்கும் முன், உங்கள் இயந்திரத்தைக் கொழும்பில் தமிழ் பேசுவோர் வாழும் கொட்டாஞ்சேனைக்கும் மட்டக்குளிக்கும் வெள்ளவத்தைக்கும் கொண்டு வாருங்கள். சிங்களத்தில் பதியப்பட்ட பழைய பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் தமிழ், முஸ்லிம் முதியவர்களை உட்கார வைத்து, பெயர் எத்தனை பேருக்குப் பொருந்தாமல் போகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். பெயரைத் திருத்தச் சத்தியக்கடதாசியும் அலைச்சலும் கேட்காமல், அங்கேயே, அதே மேசையில், பணம் வாங்காமல் திருத்திக் கொடுங்கள்.

எங்கள் தெருவின் பக்கம் ஒரு மண்டபம் இருக்கிறது. வருவதாக ஒரு வரி எழுதினால் போதும். மேசை, கதிரை, மின்விசிறி எல்லாவற்றுக்கும் நான் ஒழுங்கு செய்கிறேன். யார் யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியலும் என்னிடம் இருக்கிறது. என் மகள் அதில் முதலாவது.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனைவாசி ஒருத்தி